பத்தாவது பங்கு

சடையப்பன் ஆடிய கபடி அணியில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஆனால் பரிசுப் பணத்தைப் பத்துப் பங்காகப் பிரித்தார்கள். எழுவர் களத்தில் இறங்குவோர், இருவர் மாற்று ஆட்டக்காரர்கள். பத்தாவது பங்கு, ஆட்டத்தில் அடிபட்டு வீட்டில் கிடப்பவருக்கு உரியது. எவருக்கும் அடிபடாத மாதங்களில் அந்தப் பணம், அணியில் மூத்தவரான ஆண்டியின் வீட்டிலிருந்த பூட்டுப் பெட்டியில் சேர்ந்துகொண்டிருக்கும்.

கடலூர் முதுநகருக்குத் தெற்கேயுள்ள மீனவக் குப்பம் ஒன்றில் சடையப்பன் வாழ்கிறார். விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர், வயது முப்பத்தாறு. அவருடைய மனைவி செல்லாயி எங்கள் தெருவில் மீன் விற்பவர். இந்த வரலாற்றின் பெரும்பகுதியைச் செல்லாயி சொல்லித்தான் நான் அறிந்தேன். மீதியைப் பின்னொரு நாள் சடையப்பனே சொன்னார்.

பத்தாவது பங்கு என்பது படகிலிருந்து களத்துக்கு வந்த வழக்கம். பிடித்த மீனை விற்று, டீசலுக்கும் ஐஸுக்கும் ஆன செலவையும் படகுக்குரிய பங்கையும் கழித்தபின் எஞ்சுவதைப் பங்கிடுவார்கள். படகை ஓட்டும் டிரைவருக்கு ஒன்றரைப் பங்கு, மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு. கடலில் அடிபட்டவருக்கு, அவர் மீண்டும் படகேறும்வரை பங்கு போய்ச் சேரும். வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவருக்கு மட்டும் பங்கு கிடையாது, அவருக்கு நாட்கூலி. களத்தில் அடிபட்டால் படகு பொறுப்பேற்காது. ஆகவே களத்துக்கென்று தனியாக ஒரு பங்கை இவர்கள் ஏற்படுத்திக்கொண்டார்கள்.

அந்தப் பங்கின் அருமையைச் சடையப்பனைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை. ஏழாண்டுகளுக்கு முன் அவருடைய தோள்பட்டை எலும்பு முறிந்து நான்கு மாதம் வீட்டில் இருந்தார். அந்த நான்கு மாதமும் தம் வீட்டு அடுப்பு அந்தப் பங்கினால்தான் எரிந்ததென்று செல்லாயி பலமுறை சொல்லியிருக்கிறார்.

சடையப்பன் இடது மூலையில் நிற்பவர். எதிரணியிலிருந்து பாடி வருகிறவர் உள்ளே கால் வைக்கும் நொடியில் பாய்ந்து கணுக்காலைப் பற்றுவதே அவருடைய வேலை. பற்றியதும் வந்தவர் திமிறுவார். சில வேளை முழு உடலோடும் மேலே விழுவார். பற்றியவருக்கு முகமும் தோளும் மண்ணில் தேயும். அதே கணத்தில் பக்கத்திலிருப்பவர் குறுக்கே பாய்ந்து வழியை அடைக்காவிட்டால் பிடி நழுவிப்போகும். சடையப்பனுக்குப் பக்கத்தில், அவருடைய வலக்கையைப் பற்றிக்கொண்டு பத்தாண்டுகளாக நின்றவர் செல்லாயியின் தம்பி சின்னையன். ஒருவர் பாய்ந்தால் மற்றவரும் பாய்ந்திருப்பார். அதற்குச் சொல்லோ சைகையோ அவர்களுக்குத் தேவைப்பட்டதில்லை.

பிடிப்பதில் இவ்வளவு தேர்ந்திருந்தும் அணி பெரிதாக வென்றதில்லை. பாடிப்போய்ப் புள்ளி எடுத்துவரச் சிறந்த ஆளில்லை என்பதே குறை. சிதம்பரத்தில் ஆண்டுதோறும் சூன் மாதத் தொடக்கத்தில், மீன்பிடித் தடைக்காலம் முடியுமுன் ஒரு போட்டி நடக்கும். பதினான்கு ஆண்டுகளில் அங்கே அரையிறுதியைத் தாண்டியதில்லை. இன்னும் இரண்டு ஆண்டுகளில் தம் முழங்கால் ஓய்ந்துவிடும் என்று சடையப்பன் அறிந்திருந்தார். அதற்குள் சிதம்பரத்தில் ஒருமுறையாவது முதற்பரிசு பெற வேண்டுமென்ற ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது.

நெல்லிக்குப்பத்தைச் சேர்ந்த அஜய் என்ற இளைஞனைப் பற்றி அவர் கேள்விப்பட்டது அப்போதுதான். கரும்பு வெட்டும் குடும்பத்துப் பிள்ளை. வயது இருபத்து மூன்று. அவன் பாடிப்போனால் வெறுங்கையோடு திரும்புவது அரிது என்றார்கள். ஒரு போட்டிக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கேட்பான். வென்றாலும் தோற்றாலும் களத்தில் இறங்குமுன் அந்தப் பணம் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதும் கூடவே வந்த செய்தி.

தைப் பொங்கலுக்கு மறுவாரம் ஒன்பது பேரும் வலை பின்னும் கொட்டகையில் கூடினார்கள். பெட்டியில் முப்பத்தாறாயிரம் இருந்தது. மூன்று போட்டிகளுக்கு அது போதும், அதற்குள் பரிசுகள் குவிந்துவிடும் என்று சடையப்பன் கணக்குச் சொன்னார். இனிப் பத்தாவது பங்கை எடுக்க வேண்டாம், அது அந்த இளைஞனின் கூலியாகட்டும் என்பதும் அவர் சொன்னதே. டிரைவருக்கு ஒன்றரைப் பங்கு கொடுக்கிறோமே, இதுவும் அப்படித்தானே என்று கேட்டார்.

ஆண்டி தலையசைக்கவில்லை.

"டிரைவரு ஒன்றரை எடுக்கறது மீனு கெடைச்சாதான்டா. கெடைக்கலன்னா அவனும் நம்மகூட வெறுங்கையோடதான் எறங்கறான். இந்தப் பையன் நாம தோத்தாலும் பணத்தோட போவான். இது பங்கு இல்ல, வாடகை."

"பதினாலு வருசமா புடிச்சிப் புடிச்சி மூணாவதா வந்தது போதும்ண்ணா" என்றார் சடையப்பன்.

மாற்று ஆட்டக்காரரான ஜெயப்பிரகாஷ், அவன் பாடிவிட்டு வரட்டும், நாம் நின்று கைதட்டினால் போதும், அதற்கும் ஒரு பங்கு கிடைக்கும் என்று கேலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக முடிவும் ஆகிவிட்டது. அஜய் வெளியூர் ஆள். ஆகையால் அவனுக்குக் கூலி. அதைப் பற்றி வேறு விதமாக எண்ணிப்பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பத்தாவது பங்கு என்ற ஒன்று இருந்ததையும் அவனிடம் யாரும் சொல்லவில்லை. கூலிக்காரரிடம் பங்கைப் பற்றிப் பேசும் வழக்கம் குப்பத்தில் இல்லை.

தொடக்கத்தில் ஆண்டி சொன்னது பிழையென்றே தோன்றியது. மாசி மாதம் திருப்பாதிரிப்புலியூரில் நடந்த போட்டியில் அஜய் ஒருவனே நான்கு ஆட்டங்களில் ஐம்பதுக்கு மேற்பட்ட புள்ளிகளை எடுத்தான். அணிக்கு வரலாற்றிலேயே முதன்முறையாக முதற்பரிசு கிடைத்தது, ஐம்பதாயிரம் ரூபாய். ஒன்பது பேரும் பிரித்துக்கொண்டார்கள். ஐயாயிரத்தையாவது பெட்டியில் திரும்பப் போடலாமே என்று ஆண்டி கேட்டார். அடுத்த முறை போடலாம் என்றார் சடையப்பன். அன்று செல்லாயி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த வஞ்சிரத்துக்குப் பணம் வாங்கவில்லை.

அடுத்த போட்டி அஜயின் சொந்த ஊரான நெல்லிக்குப்பத்தில் நடந்தது. அங்கே காலிறுதியிலேயே தோற்றார்கள். அவனைச் சுற்றி நான்கு பேரை நிறுத்தி எதிரணி முடக்கிவிட்டது. பரிசில்லை, கூலி மட்டும் பெட்டியிலிருந்து போயிற்று. மூன்றாவது போட்டி பங்குனி மாதத்தில் அண்ணாகிராமத்தில். பெட்டியிலிருந்த கடைசிப் பன்னிரண்டாயிரத்தைக் கொடுத்துவிட்டுக் களத்தில் இறங்கினார்கள்.

அங்கேதான் சின்னையனின் கால் போயிற்று. சடையப்பன் கணுக்காலைப் பற்றியிருக்கிறார். சின்னையன் வழக்கம்போலக் குறுக்கே பாய்ந்திருக்கிறார். பாடி வந்தவர் கனத்த உடலினர். இருவரையும் இழுத்துக்கொண்டு சரிந்தபோது அவருடைய எடை முழுவதும் சின்னையனின் மடங்கிய முழங்கால்மீது இறங்கியது. புள்ளி கிடைத்தது. சின்னையன் எழவில்லை.

முழங்காலின் தசைநார் அறுந்துவிட்டதென்றும், அறுவை செய்தபின் ஆறு மாதமாவது படகேறக் கூடாதென்றும் மருத்துவர் சொன்னார். காப்பீட்டு அட்டையில் அறுவைச் சிகிச்சைக்கு வழி பிறந்தது. ஆறு மாதச் சோற்றுக்கு வழியில்லை. அண்ணாகிராமத்தில் கிடைத்த மூன்றாம் பரிசு எட்டாயிரம். வேன் வாடகை போக ஆளுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் வந்தது. பெட்டி காலியாக இருந்தது. சின்னையனின் மனைவி தைலம்மாள் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு இறால் உரிக்கும் கொட்டகைக்குக் காலை ஐந்து மணிக்கே போகத் தொடங்கினார்.

சடையப்பன் தம் பணத்தில் இரண்டாயிரத்தை எடுத்துக்கொண்டு போனார். தைலம்மாள் அதைத் தொடவில்லை. ஐஸில் ஊறி வெளுத்துப்போயிருந்த விரல்களைச் சேலையில் துடைத்தபடி அவர் சொன்னது இவ்வளவுதான்:

"பங்குன்னா குடுங்கண்ணா, வாங்கிக்கிறேன். பாவம் பாத்துக் குடுக்கறதுன்னா வேணாம்."

சடையப்பன் அந்த இரண்டாயிரத்தைத் திரும்ப எடுத்துவந்தார். வழியெல்லாம் அந்தப் பணத்தைச் சட்டைப்பையில் வைக்கத் தோன்றாமல் கையிலேயே பிடித்திருந்தாராம்.

மறுநாள் அவர் மற்றவர்களை அழைத்துப் பேசினார். சிதம்பரத்தில் முதற்பரிசு ஓர் இலட்சம். வென்றால் முதலில் முப்பதாயிரத்தைச் சின்னையனுக்குப் பங்காகவே எடுத்துவைப்பது, பிறகுதான் மற்றவர்களுக்குப் பிரிப்பது என்று முடிவாயிற்று. வெல்ல வேண்டுமானால் அஜய் வேண்டும். அஜய் வேண்டுமானால் பன்னிரண்டாயிரம் வேண்டும். தடைக்காலம் தொடங்கிப் படகுகள் கரையில் கிடந்தன. எவர் வீட்டிலும் வருமானமில்லை. எட்டுப் பேரும் ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போட்டார்கள். அந்தப் பணம் எப்படி வந்ததென்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

பயிற்சி தொடங்கியபோது சடையப்பன் ஒரு மாற்றத்தைக் கண்டார். சின்னையனின் இடத்தில் ஜெயப்பிரகாஷ் நின்றார். சடையப்பன் பாய்ந்தால் ஜெயப்பிரகாஷும் பாய்ந்தார். ஆனால் கால் முன்னே போன அளவுக்கு உடல் போகவில்லை. வலது மூலையில் நிற்பவர் முன்பு நின்ற இடத்துக்கு அரையடி பின்னே நின்றார். ஆண்டிகூட வருகிறவரை மறிப்பதற்குப் பதிலாக அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஒருவரும் அஞ்சுவதாகச் சொல்லவில்லை. தாம் பின்வாங்குவதை அறிந்திருந்தார்களா என்பதுகூட ஐயமே. ஆனால் காலை ஐந்து மணிக்குத் தைலம்மாள் தெருவில் நடந்துபோவதை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

சடையப்பன் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொள்ளும் உரிமை தமக்கு இல்லையென்று நினைத்ததாக என்னிடம் சொன்னார். தாம் ஒருவராவது முழுமையாகப் பாய்ந்தால் மற்றவர்களுக்கும் பழைய துணிவு வந்துவிடும் என்று நம்பினார்.

சிதம்பரத்தில் முதல் மூன்று ஆட்டங்களையும் அஜய் வென்று கொடுத்தான் என்றே சொல்ல வேண்டும். இவர்கள் பிடிக்காமல் விட்ட புள்ளிகளையெல்லாம் அவன் பாடிப்போய் மீட்டுவந்தான். அரையிறுதி ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நடந்தது. அன்றும் அவன் மட்டும் பத்தொன்பது புள்ளிகள் எடுத்தான். இடைவேளையில் மூச்சிரைக்க வந்து, நான் எடுக்க எடுக்க அங்கே விட்டுவிடுகிறீர்களே, ஒருவரையாவது பிடியுங்கள் அண்ணா என்று கெஞ்சினான். ஊரிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தவர்கள் களத்துக்கு வெளியே நின்று, இவர்கள் கைதட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று கத்தினார்கள். ஜெயப்பிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆட்டத்தின் கடைசி நொடிகளில் இரு அணிகளும் முப்பது புள்ளிகளில் நின்றன. கடைசிப் பாட்டு எதிரணியினுடையது. வந்தவரைப் பிடித்துவிட்டால் இவர்களுக்கு ஒரு புள்ளி, இறுதியாட்டம். அவர் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒற்றைக்கால் வைத்துத் திரும்பிவிட்டால் அவர்களுக்கு ஒரு புள்ளி.

அவர் நேராக இடது மூலைக்கு வந்தார். வலக்காலைக் கோட்டுக்கு அப்பால் வைத்தார். அது சடையப்பனின் கைக்கு எட்டும் தூரம். பதினான்கு ஆண்டுகளாக அவர் பற்றிய கால்களிலேயே இவ்வளவு எளிதாக வாய்த்த கால் வேறொன்றில்லை. பெருவிரல் நகத்தில் இரத்தம் கட்டிக் கறுத்திருந்ததுகூட அவருக்குத் தெரிந்தது. அந்த அளவுக்கு நேரம் இருந்தது. அவர் பாயவில்லை. கால் கோட்டைக் கடந்து திரும்பிப் போயிற்று. விசில் ஊதினார்கள்.

மூன்றாம் பரிசு பத்தாயிரம். வேன் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போக ஆறாயிரத்து நானூறு மிஞ்சியது. அதை அப்படியே சின்னையனுக்குக் கொடுக்கலாமென்று யாராவது சொல்வார்களென ஒவ்வொருவரும் எதிர்பார்த்திருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. தாம் போட்ட ஆயிரத்து ஐந்நூற்றில் எண்ணூறாவது திரும்பியதே என்று ஆளுக்கு எண்ணூறாக வாங்கிக்கொண்டார்கள். சடையப்பனும் வாங்கிக்கொண்டார். ஊர் முழுவதும் அஜயைத் திட்டியது. பன்னிரண்டாயிரம் வாங்கிக்கொண்டு தோற்கடித்துவிட்டான் என்றார்கள். அது பொய்யென்று அணியில் ஒருவரும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அஜய் பேருந்தேறிக் குப்பத்துக்கு வந்தான். சின்னையனின் வீட்டில் சடையப்பனும் இருந்தார். சின்னையன் கட்டுப்போட்ட காலை நீட்டிக் கட்டிலில் சாய்ந்திருந்தார். அஜய் ஒரு பலாப்பழத்தையும், தன் கூலியில் பாதியென்று ஆறாயிரத்தையும் தைலம்மாளின் முன் வைத்தான். அவர் மறுத்துவிட்டார். பங்கென்று வந்திருந்தால் வாங்கியிருப்பேன், அதைத்தான் நிறுத்திவிட்டார்களே என்றார்.

"எந்தப் பங்கு, அக்கா?" என்று கேட்டான் அஜய்.

தைலம்மாள் சொன்னார். முழுவதும் கேட்டுவிட்டு அவன் சடையப்பனின் பக்கம் திரும்பி, தன் இடக்கையின் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினான்.

"போன வருசம் ஒரு டீமுக்கு ஆடறப்ப இது ஒடிஞ்சிபோச்சுண்ணா. பஸ்ஸு ஏத்தி உட்டாங்க. அப்புறம் ஒருத்தரும் போன் பண்ணல. அன்னையிலேந்துதான் முன்னாடியே பணம் வாங்காம எறங்கறதில்ல. அடிபட்டா பாத்துக்கறதுக்கு ஒரு பங்கு இருக்குன்னு நீங்க சொல்லியிருந்தா, நானும் பங்குலயே ஆடியிருப்பேனே."

"நீ வெளியூரு ஆளுப்பா" என்றார் சடையப்பன்.

அவன் சொன்னபடி ஆடியிருப்பானா என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. இழந்தபின் பேசுவது எளிது என்று செல்லாயிகூட என்னிடம் சொன்னார். ஆனால் அன்று அந்த வீட்டிலிருந்த மூவரும் அதை நம்பினார்கள். பலாப்பழத்தை மட்டும் தைலம்மாள் ஏற்றுக்கொண்டார். அஜய் பணத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். வாசலில் செருப்பு மாட்டும்போது யாரிடமும் விடைபெறவில்லை.

அவன் போனபின் சின்னையன் கேட்டார்.

"கடைசிப் பாட்டுல கால் தெரிஞ்சுதா மாமா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"கை வரல மச்சான்."

சின்னையன் சினம் கொள்வார், பழிப்பார், இரண்டு சொல்லாவது சொல்வார் என்று சடையப்பன் காத்திருந்தார். அதற்காகத்தான் அன்று அவர் அங்கே போனதே. சின்னையனோ அவருடைய கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நல்லவேள மாமா. வந்திருந்தா அக்காவும் எறா உரிக்கப் போயிருக்கும்."

அந்த அன்பைத்தான் தம்மால் தாங்க முடியவில்லை என்று சடையப்பன் சொன்னார். பதினான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட, பாயாமல் நின்றதற்காக ஒருவரை இன்னொருவர் பாராட்டியதில்லை.

அந்த வாரமே தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போயின. அணியைக் கலைப்பதாக ஒருவரும் அறிவிக்கவில்லை, சண்டையும் இல்லை. வழக்கமாக ஆடும் திடலுக்கு மாலையில் முதல் நாள் மூவர் வந்தார்கள். மறுநாள் ஜெயப்பிரகாஷ் மட்டும் வந்து, உடம்பு சரியில்லையென்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் சடையப்பன் தனியே நின்றார். ஐந்தாம் நாள் அவரும் போகவில்லை. காலியான பெட்டியை ஆண்டி என்ன செய்தாரென்று யாருக்கும் தெரியாது.

சென்ற மாதம் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து போட்டி நடத்துகிறவர்கள் சடையப்பனுக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். கடந்த ஆண்டு வென்ற அணி என்பதால் நுழைவுக் கட்டணம் வேண்டாம், ஆட்டக்காரர்களின் பெயர்களை மட்டும் சொன்னால் போதும் என்றார்கள். செல்லாயி பக்கத்தில் மீன் அலசிக்கொண்டிருந்தார். தம் பெயரில் தொடங்கி மற்றவர்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாக அவர் சொல்லப் போகிறாரென்றே செல்லாயி நினைத்தாராம். சடையப்பனோ, நீங்கள் ஆள் மாறிப் பேசுகிறீர்கள், இது வேறொருவரின் எண் என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிட்டார்.